ஜோடியில் ஒன்று

பெயரை முதலில் பார்ப்பதில்லை.
பொறித்த பெயர் எவரிடமும் பல் இளிக்கும்.
திருகுகளைப் பார்ப்பேன்.
தலைக்கீறல்கள் எல்லாம் குழலுக்கு இணையாகப்
படுத்துக் கிடந்தால்
உள்ளே யாரும் புகவில்லை.
ஒன்று மட்டும் கோணி, உதடு பிய்ந்திருந்தால்
சமையலறைக் கத்தியோடு
யாரோ வந்துபோயிருக்கிறார்கள்.

நைட்டன் மாட்டுச்சந்தைக்குப் பின்னால்
ஏலக்கூடத்தின் வடக்கு ஜன்னல்.
வெளியே ஆட்டுக்கடாக்களுக்கு விலை கூவுகிறார்கள்.
உள்ளே, தொப்பியை முழங்காலில் கவிழ்த்து
ஐவர் ப்ராபர்ட்.
"அசல்," என்கிறார்.
"யாரும் கை வைத்ததில்லை."
இந்த மேசைக்கு வரும் எல்லாத் துப்பாக்கிகளும்
கை படாதவைதான்.

குழல்களைக் கழற்றி
கொக்கியில் விரல்விட்டுத் தொங்கவிட்டு
முட்டியால் ஒரு தட்டு.
மணி.
இரண்டு குழலையும் ஒட்டிய ஈயம்
இன்னும் பிடி விடவில்லை.
உள்ளே பார்க்கிறேன்:
நிழல் வளையங்கள் நேராக ஓடி
வலதில் ஓரிடத்தில் தயங்குகின்றன.
பழைய நசுங்கல், யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள்,
நல்ல கைக்காரன்.
சோதனைச்சாலை முத்திரைகள்
விளிம்பு மழுங்காமல் இருக்கின்றன.
வால்நட் கட்டையில்
இடது உள்ளங்கை பிடிக்குமிடம் மட்டும்
வரிக்கொத்து கரைந்து வழவழக்கிறது.
தேய்மானம் பொய் சொல்லாது.
மெருகுதான் சொல்லும்.

பூட்டி, ஜன்னலுக்கு நேரே தூக்குகிறேன்.
குழலும் உடலும் கூடும் இடத்தில்
ஒரு மயிரிழை வெளிச்சம்.

அதன் பிறகுதான் பொன் எண்களைத் தேடுகிறேன்.
திறப்புநெம்பில்: 1.
குழல் முதுகில், எண்ணெய்க் கறைக்குக் கீழே: 2.

எப்படிச் சொல்வது?
ஒரே பட்டறை, ஒரே வருடம்,
ஒரே ஆள் அரம் பிடித்த இரும்பு.
போலி எதுவும் இதில் இல்லை.
அசலும் இல்லை.

படிவத்தில் ஒரு கட்டம்: ஆம் / இல்லை.

"இது ஜோடியில் ஒன்று," என்றேன்.
"இன்னொன்றின் குழல் இதில் இருக்கிறது."

கூவல் நின்று, மறுபடி தொடங்கியது.

"அப்பாவைப் புதைத்த மறுநாள்," என்றார்.
"இரண்டையும் பிரித்துப் போட்டு
எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தோம்,
நானும் எம்லினும்.
மேட்டு வயலைப் பற்றிப் பேச்சு வந்தது."
தொப்பியின் விளிம்பைச் சுற்றினார்.
"கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு
அவன் போனான்.
மின்சாரம் வேறு இல்லை."

எத்தனை வருடம் என்று நான் கேட்கவில்லை.
அவரே சொன்னார்:
"முப்பத்தாறு பருவமாகக்
காட்டுக்கோழி தப்பும்போதெல்லாம்
என் கண்தான் போய்விட்டது என்று நினைத்தேன்.
கண்ணாடிகூட மாற்றினேன்."

தனியாக, இப்படியே: ஆயிரத்து இருநூறு பவுண்டு.
அதுவும் நல்ல நாளில்.
சேர்ந்து, அவரவர் குழலோடு, ஒரே பெட்டியில்:
எட்டாயிரத்துக்குக் குறையாது.
இரண்டு தொகையையும் எழுதினேன்.
இரண்டாவது தொகையை அவர் படிக்கவில்லை,
அல்லது படித்துவிட்டுப்
படிக்காதவர்போல் இருந்தார்.

என் வலப்பக்க இழுப்பறையில்
ஏப்ரல் மாதப் பேரேடு.
அதில் என் கையெழுத்தில் ஒரு வரி:
திறப்புநெம்பு 2, குழல் 1.
விற்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனார்.
ஒருவர் சரக்கை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது,
அது இந்தத் தொழிலின் முதல் பாடம்.
இழுப்பறையைப் பார்க்காமலிருக்க
பேனாவைத் துடைத்தேன்.
துடைக்க அதில் ஒன்றுமில்லை.

ஐவர் எழுந்தார்.
துப்பாக்கியை மூன்றாகப் பிரித்து
பச்சைத்துணி மடிப்புகளில் படுக்க வைத்தார்,
ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில்.
குழலுக்கான பள்ளத்தில் மட்டும்
ஒரு நொடி கை நின்றது.
கதவருகே போய்த் திரும்பினார்.

"அவனுக்கு எவ்வளவு சொன்னீர்கள்?"

வெளியே ஒரு கடா விலை போனது.
யாரோ கை தட்டினார்கள்.

"இதே விலைதான்," என்றேன்.

முதன்முறையாகச் சிரித்தார்,
மூக்கு வழியாக, குதிரைபோல.
மதிப்பீட்டுக் கட்டணம் இருபது பவுண்டை
மேசைமேல் வைத்துவிட்டு
ரசீதை விட்டுவிட்டுப் போனார்.
கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.